ஷிப்டுக்கு ஷூ, வீதிக்குச் செருப்பு: கோடையில் பாதம் படும் பாடு

ஓசூர் சிப்காட்டில் மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்குகிறவர்களின் கால்களைப் பார்த்தாலே கோடை வந்துவிட்டது தெரியும். டிசம்பரில் ஷூவோடு வந்தவர்களில் பலர் ஏப்ரலில் ரப்பர் செருப்போடு வருகிறார்கள். கேட்டைத் தாண்டியதும் லாக்கரில் இருக்கும் கறுப்பு சேஃப்டி ஷூவுக்குள் கால் நுழைகிறது. எட்டு மணி நேரம் கழித்து, வியர்வையில் ஊறி வெளுத்த அதே கால் மறுபடியும் செருப்புக்கு வருகிறது. மார்க்கெட், மாடிப்படி, பைக், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை எல்லாம் அந்தச் செருப்போடுதான்.

கோடையில் என்ன செருப்பு போடலாம் என்று கேட்டால் காற்றோட்டமானது, எடை குறைந்தது, கண்ணுக்கு அழகானது என்று பதில் வரும். அவை நகரத்துக் கடைத்தெருவை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980களில் வேரூன்றி, இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின்வாகன ஆலை என்று விரிந்து நிற்கும் இந்த எல்லைப்புறத் தொழில் வட்டாரத்தில் கேள்வியே வேறு. இங்கே ஒரு பாதம் ஒரே நாளில் நேரெதிரான இரண்டு காலணிகளில் வாழ்கிறது. ஒன்று கனமானது, விறைப்பானது, காற்றுப் புகாதது. மற்றது மெல்லியது, பிடிப்பில்லாதது, பெரும்பாலும் தேய்ந்துபோனது. குதிகால் வலி, முழங்கால் வலி என்று அவதிப்படுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வலியின் வேர் பிடிபடும். ஒன்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஷூவுக்குள் நடப்பது

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் "நம்ம ஊர் குளிர்ச்சியான ஊர்" என்ற நினைப்பு இங்கே இன்னும் இருக்கிறது. சூளகிரி தாண்டிக் கீழே இறங்கி கிருஷ்ணகிரிக்கு வந்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அங்கே உண்டு. ஆனால் சேஃப்டி ஷூவுக்குள் இருக்கும் காலுக்கு மேலூர், கீழூர் என்ற பேதமில்லை. உள்ளங்கால், உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் ஒன்று. தடித்த தோலுக்கும் பாலியூரிதேன் அடிக்கும் நடுவே சுரக்கிற வியர்வைக்குப் போக்கிடம் கிடையாது. நைலான் சாக்ஸ் அதை உறிஞ்சாமல் வழுக்குகிறது. சுத்தமான பருத்தி சாக்ஸ் உறிஞ்சிக்கொண்டு ஈரத் துணியாகவே காலைச் சுற்றி நிற்கிறது. பருத்தியோடு வேறு இழை கலந்த, சற்றுத் தடிமனான சாக்ஸ் இரண்டையும்விட மேல்.

ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும், கொப்புளம் கட்டும். நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவே வெள்ளையாகத் தோல் ஊறி அரிப்பெடுத்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, சேற்றுப்புண். அந்தப் பிளவு வழியாகப் பாக்டீரியா புகுந்தால் கால் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வரை போகும். மருந்துக் கடையில் ஏதோ ஒரு டியூபை வாங்கித் தடவி, அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறோம். ஸ்டீராய்டு கலந்த டியூபானால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

இதில் பெரிய பங்கு வகிப்பது ஷூ காயாமல் இருப்பது. எட்டு மணி நேரம் வியர்வை குடித்த ஷூ முழுதாகக் காய ஒரு இரவு போதாது. லாக்கரில் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதுதான் நிஜமான தீர்வு. ஆனால் கையில் இருப்பது கம்பெனி கொடுத்த ஒரே ஜோடி என்றால் தொழிலாளி என்ன செய்வார்? கோடை மாதங்களுக்காவது இரண்டாவது ஜோடி கொடுப்பதை நிறுவனங்கள் சலுகையாக எண்ணக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தலைக்கவசம், கையுறை போல அதுவும் பாதுகாப்புச் செலவுதான். அது கிடைக்கும் வரை, உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து வைப்பது, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பது, இடைவேளையில் சாக்ஸை மாற்றுவது ஆகிய மூன்றும் செலவில்லாமல் கைகொடுக்கும்.

அடுத்த சிக்கல் அகலம். பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15298. அதன்படி விரல்முனைக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். இரும்பு உருளை காலில் விழும் ஆலையில் அந்தக் கவசம் உயிர்காப்பது. அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் தோல் ஷூ நாளடைவில் காலுக்குத் தக்கபடி இளகும், இரும்புக் கவசம் இளகாது. நம் காலோ அகலமானது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. பொதுவாக இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதன் முக்கியமான முடிவு. அதையொட்டி, 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே தனி அளவு முறை முன்மொழியப்பட்டது. இத்தனை காலம் நாம் பிரிட்டிஷ் அளவு எண்களில்தான் காலை நுழைத்துக்கொண்டிருக்கிறோம். அகலம் போதாதபோது கடைக்காரர் ஒரு எண் பெரிதாகக் கொடுக்கிறார். நீளம் கூடிவிடுகிறது, குதிகால் உள்ளே ஆடுகிறது. முன்னால் நெருக்கம், பின்னால் தளர்ச்சி. பெருவிரல் மூட்டில் புடைப்பு, சுண்டுவிரலில் ஆணி, குதிகாலில் கொப்புளம் என்று வருவதற்கு இதுவே போதும்.

ஆண்களின் அளவில் செய்த ஷூவைப் பெண்களுக்குக் கொடுக்கும்போது இந்தத் தளர்ச்சி இன்னும் கூடும். இன்று இந்த வட்டாரத்துப் புதிய ஆலைகளில் பெண்கள்தான் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வருகிறார்கள். நைக்கி நிறுவனத்துக்குக் காலணி செய்துகொடுக்கும் தைவானின் ஃபெங் டே குழுமம் பர்கூர் சிப்காட்டில் ஆலை நடத்துகிறது. உலகம் போட்டு ஓடும் ஷூக்களைத் தைப்பவர்கள் நம் ஊர்ப் பெண்கள். அவர்கள் காலுக்கும் அளவெடுத்த காலணி கிடைக்க வேண்டும்.

நிற்கும் தரை

காலணியை மட்டும் பேசித் தரையை விட்டுவிட்டால் விளக்கம் பாதியில் நிற்கும். அசெம்பிளி லைனில் நிற்பவர் நடப்பதில்லை; ஒரு சதுர மீட்டர் சிமென்ட் தரையில் எபாக்சி பூச்சின் மேல் மணிக்கணக்காக நிற்கிறார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. இரத்தமும் நீரும் கணுக்காலில் தேங்கும். வெயில் காலத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் வீக்கம் இன்னும் அதிகம். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிப்பது இதனால்தான். ஷூவானாலும் செருப்பானாலும் மாலையில் போய் வாங்குங்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

நின்றே வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொல்லிவைத்தது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் மூலம் கொடுத்தது. கேரளம் அதற்கு முன்பே, 2018இல் செய்தது. ஓசூர் பாகலூர் சாலை துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். இருக்கை, காலடியில் ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு காலை மாற்றி வைக்க ஆறு அங்குல உயரப் பலகை ஆகிய மூன்றும் இருந்தால் எந்த விலை உயர்ந்த ஷூவும் தராத ஆறுதல் கிடைக்கும்.

செருப்புக்கு வரும்போது

ஷிப்ட் முடிந்து ஷூவைக் கழற்றியதும் வரும் சுகம் பொய்யல்ல. அந்த நேரத்தில் கால் எந்தச் செருப்புக்குள் போகிறது என்பதுதான் விஷயம்.

ஹவாய் செருப்பின் அடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளை, கீழே நீலம் என்று இரண்டு அடுக்கு. புதிதில் குதிகால் வைக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழும். சில மாதங்களில் அந்த இடம் குழியாகி எழுவது நின்றுவிடும். இன்னும் சில மாதங்களில் வெள்ளை தேய்ந்து, குதிகாலின் வடிவத்திலேயே நீலம் தெரியத் தொடங்கும். அதற்குள் வார் பிய்ந்திருந்தால் ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருப்போம். செருப்பை மேசை மேல் வைத்துப் பின்பக்கமாகக் கண் மட்டத்தில் பார்த்தால் வெளிவிளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதும் தெரியும். பொதுவாக எல்லோரும் குதியின் வெளிப்பக்கத்தைத்தான் முதலில் ஊன்றுகிறோம், அதனால் அங்கே தேய்வு இயல்பு. ஆனால் அந்தச் சரிவு ஒரு அளவுக்கு மேல் போனால் ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் அதே பக்கம் சாயும். அந்தச் சாய்வு முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறும். நீலம் தெரிந்த செருப்பு வீட்டுக் குளியலறைக்குப் போகலாம், சாலைக்கு வேண்டாம்.

வார் மட்டும் பிடித்திருக்கும் செருப்பில் நடக்கும்போது அது கழன்று போகாமலிருக்க விரல்கள் இடைவிடாமல் கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஷ்ரோயர் குழுவினர் 39 மாணவர்களை இப்படிச் செருப்போடும் ஷூவோடும் நடக்கவைத்து அளந்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. செருப்பில் எட்டி வைக்கும் அடி குறுகுகிறது, குதிகாலை ஊன்றும் விதமும் மாறுகிறது, காலை முன்னே வீசும்போது விரல்கள் வேண்டிய அளவுக்கு மேலெழுவதில்லை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் இது பெரிய விஷயமில்லை. மாடிப்படிகளும் மேடும் பள்ளமும் நிறைந்த தெருக்களில் ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடந்தால் கணக்கு வேறு. கெண்டைக்கால் இறுகும், உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நாண் போன்ற சவ்வு இழுபடும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுள்ளென்று குத்தி, பத்து அடி நடந்ததும் குறைந்துவிடும் வலி அந்தச் சவ்வு அழற்சியின் அடையாளம். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருப்பதுண்டு.

சேஃப்டி ஷூவின் குதி சற்று உயரம். ஹவாய் செருப்பு சமதளம். எட்டு மணி நேரம் உயரக் குதியில் பழகிய கெண்டைத் தசையை உடனே சமதளத்தில் இழுப்பதுதான் இந்த வட்டாரத்தில் கோடைக் குதிகால் வலிக்குத் தனிக் காரணமாக எனக்குத் தோன்றுகிறது. ஷூவைக் கழற்றியதும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதியைத் தரையிலிருந்து எடுக்காமல் அரை நிமிடம் சாய்வது, பிறகு மறுகால். அறைக்குப் போனதும் ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவது. இதற்கு மருத்துவச் சீட்டு தேவையில்லை.

ஷிப்டுக்கு வெளியே போட நான் சொல்வது குதிகாலைச் சுற்றி வார் உள்ள சாண்டல். நடுவில் மடங்காமல் விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். துணியைப் பிழிவது போல முறுக்கினால் முறுகக் கூடாது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். தளர்ந்த செருப்பு கியர் லீவரிலும் பிரேக்கிலும் மாட்டிக்கொள்ளும். கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலைகள் 44, 48 கூடும் ஊர். லாரி ஓட்டுநர்கள் கழற்றிவிட்ட செருப்பைப் பெடலுக்கு அருகில் போட்டு வைப்பது ஆபத்தான பழக்கம்.

முழங்கால்: ஆய்வுகள் ஒத்துப்போகாத இடம்

தேய்மானம் வந்த முழங்காலுக்குக் கெட்டியான ஷூ நல்லதா, மெல்லிய செருப்பா? இதில் மருத்துவ ஆய்வுகளே இரண்டு திசையில் பேசியிருக்கின்றன. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நஜியா ஷகூர் குழுவினர் 2006இல் 75 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஷூவை விட வெறுங்காலில் நடக்கையில் முழங்காலின் உட்பக்கத்துப் பாரம் சுமார் 12 சதவீதம் குறைந்தது. 2010இல் அவர்கள் செய்த ஆய்வில் சாதாரண ரப்பர் செருப்பு கூட, கெட்டியான ஷூவைவிடக் குறைந்த பாரத்தையே காட்டியது. அதைப் படித்தவர்கள் செருப்பே போதும் என்றார்கள்.

பிறகு 2021இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள, 50 வயதைத் தாண்டிய 164 பேரை இரண்டாகப் பிரித்து, ஆறு மாதம் ஒரு பாதிக்கு மெல்லிய வளையும் ஷூவும், மறுபாதிக்குத் தாங்கும் ஷூவும் கொடுத்தார்கள். நடக்கும்போது வரும் வலி நன்றாகக் குறைந்ததாகச் சொன்னவர்கள் தாங்கும் ஷூ பிரிவில் 58 சதவீதம், மெல்லிய ஷூ பிரிவில் 40 சதவீதம்.

முதல் ஆய்வுகள் பாரத்தை அளந்தன, ஆய்வகத்தில் சில நிமிடங்கள். இரண்டாவது வலியைக் கேட்டது, வாழ்க்கையில் ஆறு மாதங்கள். நோயாளிக்கு முக்கியம் இரண்டாவதே. ஆகவே மூட்டு வலி உள்ள நடுத்தர வயதினர் வெளியே நடக்க அடி நன்றாகத் தாங்கும் ஷூவையோ சாண்டலையோ தேர்வது நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் முழங்கால் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். தரையில் நடக்கும்போது காலில் எரிச்சலோ வலியோ இருந்தால் மட்டும் வீட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் குழப்பமே இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தின் மணிபாலில் ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்கால் பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பும் சாண்டலும் போட்டவர்களிடம் குறைவு. கோடை விடுமுறையில் பிள்ளை வீட்டிலும் மண் முற்றத்திலும் செருப்பில்லாமல் ஓடினால் திட்டாதீர்கள். காலை, மாலை மட்டும். மாந்தோப்பில் முள்ளும், மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழுவும் உண்டு என்பதால் அங்கே செருப்பு வேண்டும்.

வலியே தெரியாத கால்

இதுவரை சொன்னவை வலியைப் பற்றியவை. வலி தெரியாத கால்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்னது. சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்படாவிட்டால் கால் நரம்புகள் மரத்துவிடும். முதலில் எரிச்சல், பிறகு பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலே நாலு அடி போய்விட்டதாகச் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே மருத்துவருக்குப் போதுமான எச்சரிக்கை.

கோடையில் இவர்களுக்கு இரண்டு பொறிகள். ஒன்று, வெறுங்கால். காற்றின் வெப்பம் 38 டிகிரி இருக்கும் மதியத்தில் தார்ச்சாலை 60 டிகிரியை எட்டிவிடும். கோயில் பிரகாரக் கல்லும் கடுமையாகச் சுடும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர்த் திருவிழா பங்குனியில், வெயில் ஏறும் காலத்தில் நடக்கிறது. மரத்த காலோடு வெறுங்காலில் தேர் இழுக்கப் போனவருக்கு மறுநாள் சாக்ஸ் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். காலை எட்டு மணிக்குள் தரிசனம் முடிப்பதும், தடித்த சாக்ஸ் அணிவதும் சாமிக்குக் குற்றமில்லை. இரண்டாவது, பைக் சைலன்சர். செருப்புக் காலில் சூடு பட்டது தெரியாமல் உட்கார்ந்து வருபவர்கள் உண்டு.

இதற்கான அறிவு நம் பக்கத்திலேயே பிறந்தது. கொல்லிமலையில் பிறந்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு, வலி தெரியாத காலின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று காட்டினார். அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புகள் அந்த வழியில் பரவி, இன்று நீரிழிவுப் பாதங்களைக் காக்கின்றன. விரலிடுக்கு வார் இல்லாமல், குதிகாலில் பட்டி வைத்து, அடியில் கெட்டி ரப்பர், மேலே எம்.சி.ஆர். என்று அமைந்தால் சரி. போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். ஒரு சிறு கல், ஆணியின் முனை போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் அந்தப் பணியாளர்களிடமும், இயன்முறை சிகிச்சையாளர்களிடமும் பாதத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. போகும்போது தினமும் போடும் ஷூ, செருப்பு இரண்டையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் பாதிக் கேள்விகளுக்கு விடை கண்டுவிடுவார்.